நிலம் காத்தலும் உழவரைக் காத்தலும் ஒரே விரதம்



அட்சய திருதியை நாளில் நாம் ஆதிபகவனையும் கரும்புச் சாற்றையும் ஒருசேர நினைக்கின்றோம். அந்நினைவின் பின்னே நிற்கும் வரலாற்றை ஸ்ரீபுராணம் ஓதக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். துறவு பூண்ட விருஷபதேவர் ஆறு திங்கள் உண்ணா நோன்பிருந்தார். அதன் பின்னர் ஆகாரம் ஏற்கும் பொருட்டு ஊர்தோறும் நடந்தார். மக்கள் அவர்பால் பேரன்பு உடையவர்களே. ஆயினும் ஒரு துறவிக்கு எதனை ஈய வேண்டும், எம்முறையில் ஈய வேண்டும் என்பதை அவர்களுள் ஒருவரும் அறிந்திலர். ஆகவே பொன்னைக் கொணர்ந்தனர்; மணியைக் கொணர்ந்தனர்; யானையும் குதிரையும் பட்டாடையும் கொணர்ந்து முன்னே நிறுத்தினர். பகவான் அவற்றுள் எதனையும் ஏலாது மௌனமாக நடந்தார். திங்கள் பல கழிந்தன. முடிவில் அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் முற்பிறவி நினைவு பெற்று, கரும்புச் சாற்றை அவருடைய கைத்தலத்தில் வார்த்தான். ஆகாரதானம் என்னும் அறம் அன்று இவ்வுலகில் தொடங்கிற்று.

இவ்வரலாற்றின் இறுதிப் பகுதியை நாம் கொண்டாடுகின்றோம். முற்பகுதியை மறந்து விடுகின்றோம். பொன்னுக்கு அன்று குறைவில்லை. பொன்னைத் தருவதற்கு மனமும் குறைவில்லை. இருந்தும் ஏந்திய கை வெறுங்கையாகவே இருந்தது. உணவு வேண்டிய இடத்தில் பொன் பயன்படாது என்பதை உலகிற்கு முதன்முதலாக உணர்த்திய நாள் அது. அதே நாளில் இன்று நகைக்கடை வாயில்களில் கூட்டம் நெருங்குகிறது. கரும்பு விளைந்த கழனிகளோ ஒவ்வொன்றாக மனைகளாகின்றன. பொன்னை ஏந்தி நின்ற அப்பழைய மக்களின் அறியாமைக்கும் நம்முடைய அறியாமைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இக்கருத்தையே இம்முறை நம் சிந்தனைக்கு எடுத்துக் கொள்கின்றோம்.

ஏரும் அறமும்

கற்பக மரங்கள் மறைந்து, போகபூமி கர்மபூமியாக மாறிய காலத்தே, பசித்து வந்து நின்ற மக்களுக்கு வாள், எழுத்து, உழவு, கலை, வாணிகம், சிற்பம் என்னும் அறுவகைத் தொழில்களைக் கற்பித்தவர் அவ்வாதிபகவனே. வடநாட்டு ஜைனர் பெரும்பாலும் வாணிகத்தை மேற்கொண்டனர். தமிழ் ஜைனராகிய நம் முன்னோரோ ஏரைக் கைவிடாது நின்றனர். வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணி ஆகிய பகுதிகளின் சிற்றூர்களில் ஜினாலயத்தைச் சுற்றி வீடுகளும், வீடுகளைச் சுற்றி வயல்களுமாக நம் குடும்பங்கள் வாழ்ந்தன. பூசைக்குரிய அரிசியும், விழாவிற்குரிய செலவும், முனிவர்க்கு அளித்த ஆகாரமும் அவ்வயல்களிலிருந்தே வந்தன.

உழவு ஹிம்சை ஆகாதோ என்று நம் இளைஞர் சிலர் வினவுவதுண்டு. வினா நேர்மையானது, ஆதலின் விடையும் நேர்மையாக இருத்தல் வேண்டும். ஏர் ஓடுகையில் மண்புழு முதலிய ஈரறிவுயிர்களும், எறும்பு முதலிய மூவறிவுயிர்களும் துன்புறுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆசாரியர்கள் ஹிம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நால்வகைப்படுத்தினர். கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்பி. அதனை இல்லறத்தான் முற்றிலும் ஒழிக்கக் கடவன். பிழைப்பின் பொருட்டுத் தவிர்க்க இயலாது நேர்வது உத்யோகி; அதனை அவன் இயன்றவரை குறைக்கக் கடவன். உழவு இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. வைக்கோலையும் கரும்புத் தோகையையும் கொளுத்தாது மடக்கி உழுதல், நஞ்சு மருந்தைக் கைக்கு வந்தபடி தெளிக்காது விடுத்தல், எருவும் தழையும் இட்டு மண்ணை வளர்த்தல் ஆகியவை அந்த ஹிம்சையைக் குறைக்கும் வழிகள்.

இங்கே மற்றொரு பக்கத்தையும் நோக்க வேண்டும். உழுத நிலம் ஒரு மழைக்குப் பின் மீண்டும் உயிர்களால் நிறைகிறது. அதே நிலத்தில் கிராவலைக் கொட்டி, உருளையை ஓட்டி, சாலையும் தளமும் இட்டுவிட்டால், அங்கு வாழ்ந்த உயிர்க்கூட்டம் முழுவதும் அழிகிறது. திரும்பி வருவதற்கு இடமும் இல்லாது போகிறது. ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். அதனை ஒரே நாளில் மூடி விடலாம். ஏரைக் கண்டு அஞ்சுகின்றவர்கள் உருளையைக் கண்டு அஞ்சாதிருப்பது அஹிம்சை ஆகாது.

களமருதூரில் கேட்ட வினா

கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் களமருதூர் என்னும் ஊர் உள்ளது. பெயரைக் கேட்கும்போதே நெற்களமும் மருத மரமும் நினைவிற்கு வருகின்றன. மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்குக் கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகியும் மணிமுக்தாவும் துணை நிற்கின்றன. கிழக்கே உள்ள இப்பகுதி பெரும்பாலும் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பி நெல், கரும்பு, உளுந்து, மணிலா முதலியவற்றை விளைவிக்கின்றது. அப்பாண்டைநாதர் என நாம் போற்றும் பார்சுவநாதப் பெருமான் எழுந்தருளியுள்ள திருநறுங்கொண்டை மலையும் இவ்வட்டத்திலேயே உள்ளது.

அப்பெருமானை வழிபட்டுத் திரும்பிய ஒரு நாளில் களமருதூரில் சற்றுத் தங்கினோம். நம் சமூகத்தைச் சார்ந்த ஓர் அன்பர்க்கு அப்பகுதியில் மூன்று ஏக்கர் நிலம் உண்டு. அவர் சென்னையில் வாழ்கின்றார். நிலத்தை உழுபவர் அவ்வூர் உழவர் ஒருவர். எழுத்து எதுவும் இல்லை. ஆண்டுதோறும் வாய்ச்சொல்லால் நடைபெறும் குத்தகை. பக்கத்து நிலத்தில் வண்ணம் பூசிய மனைக் கற்கள் வரிசையாக நின்றன. இந்நிலத்திற்கும் தரகர்கள் விலை பேசிக் கொண்டிருப்பதாகக் கூறினர்.

உளுந்துச் செடி மெலிந்து நின்றதைக் கண்டு, எரு இடுவதில்லையா என்று அவ்வுழவரைக் கேட்டோம். அவர் கிணற்று மேட்டில் அமர்ந்தபடி அமைதியாகக் கூறினார்: "ஐயா, ஆறு வருடமாக உழுகிறேன். ஒவ்வொரு தை மாதமும், அடுத்த வருடம் இந்த நிலம் என் கையில் இருக்குமா என்று தெரியாமலே இருக்கிறேன். எரு இட்டால் பலன் மூன்று வருடம் கழித்துத் தெரியும். அப்போது இங்கே நான் இருப்பேனா, கல் இருக்குமா என்று நீங்கள் சொல்லுங்கள். நாளைக்கே பத்து வண்டி எரு அடிக்கிறேன்."

எம்மிடம் விடை இல்லை. நிலத்தைக் காக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசுகின்ற நாம், நிலம் யாருடைய கையால் காக்கப்படுகிறது என்பதை எண்ணிப் பார்த்ததில்லை. அச்சத்தோடு உழுபவன் நிலத்தை வளர்க்க மாட்டான். அவ்வாண்டு கிடைப்பதை எடுத்துக் கொள்ளவே முயல்வான். அது அவன் குற்றம் அன்று.

நிலம் ஏன் கைமாறுகின்றது?

நிலத்தை விற்பவர் அனைவரும் பேராசையால் விற்கின்றனர் என எண்ணுதல் தவறு. 2015–16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நில அளவு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அவ்வளவு நிலத்திற்கென ஒருவர் தனியே டிராக்டர் வைத்துக் கொள்ள இயலாது. தனியே கிடங்கு கட்டிக் கொள்ளவும் இயலாது. அறுவடை நாளில் எல்லோரும் விற்கும்போது தாமும் விற்க வேண்டியவராகின்றார். விலை வீழும் வேளையில் அவர் விளைபொருள் களத்தில் கிடக்கின்றது. விலை ஏறும் வேளையில் அது வேறொருவர் கிடங்கில் இருக்கின்றது.

கள்ளக்குறிச்சிப் பகுதியின் முதன்மைப் பயிர்களையே எடுத்துக் கொள்வோம். கரும்பை ஆலைக்கு அளித்த 14 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும் என்பது 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. தவறினால் ஆண்டிற்கு 15 விழுக்காடு வட்டியும் உண்டு. ஆணை இவ்வாறிருந்தும் நிலுவைத் தொகைக்காகக் கரும்பு உழவர்கள் காத்திருந்த ஆண்டுகள் பல. சேலத்துச் சவ்வரிசி ஆலைகளை நோக்கிச் செல்லும் மரவள்ளிக்கு மாவுச்சத்தை அளந்து 'பாயிண்ட்' கணக்கில் விலை கூறுவர். அளப்பவர் வாங்குபவராகவே இருப்பின், விற்பவர் மனத்தில் ஐயம் நீங்குவதில்லை.

மறுபுறம், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் சேலம் நெடுஞ்சாலையும் கூடுமிடம் உளுந்தூர்ப்பேட்டை. கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டு தனி மாவட்டமாயிற்று. இம்மாவட்டத்தில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில், 20,000 பேர்க்கு வேலை தரும் காலணித் தொழிற்சாலை அமைக்கத் தைவான் நாட்டுப் பௌ சென் நிறுவனத்தோடு தமிழ்நாடு அரசு 2023ஆம் ஆண்டு ஒப்பந்தம் செய்து கொண்டது. இளைஞர்க்கு வேலை கிடைப்பது நற்செய்தியே. அதனை நாம் குறை கூறவில்லை. ஆயினும் இத்தகைய வளர்ச்சியின் நிழலில், ஆலைக்கு வேண்டாத நிலமும் விலைக்கு நிற்கின்றது. உழுதால் ஆண்டு முழுதும் உழைத்தும் கை நிறையாது. விற்றால் ஒரே நாளில் கை நிறையும் என்னும் நிலை வரும்போது, நிலத்தை விற்காதே என்று அறிவுரை கூறுவது எளிது. அதன்படி நிற்பது அரிது.

சட்டமும் அதன் எல்லையும்

அரசும் நீதிமன்றமும் வாளா இருக்கவில்லை. அங்கீகாரம் இன்றி விளைநிலங்களைக் கூறுபோட்டு விற்கும் மனைகளைப் பதிவு செய்யலாகாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9ஆம் நாள் தடை விதித்தது. 2017ஆம் ஆண்டு அத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வெளிவந்தன. விளைநிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவது பற்றிய விதிகளும் அவ்வாண்டு வந்தன. 2020ஆம் ஆண்டு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. எண்ணெய், எரிவாயு எடுத்தல் உள்ளிட்ட சில தொழில்களை அது அங்கு விலக்கிற்று. கள்ளக்குறிச்சி மாவட்டம் அம்மண்டலத்தில் இல்லை.

இவை யாவும் வேண்டுவனவே. ஆயினும் சட்டம் ஒருவனை 'விற்காதே' என்று தடுக்கலாம். 'உழு' என்று ஏவ இயலாது. உழவனுக்கு வாழ்வு இல்லாத இடத்தில் காக்கப்பட்ட நிலம், சீமைக் கருவேலம் வளரும் தரிசாகவே நிற்கும்.

இவ்வுண்மையைப் பிற நாடுகளும் உணர்ந்துள்ளன. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுண்டி 1974ஆம் ஆண்டு ஒரு புதிய வழியைச் சட்டமாக்கிற்று. நிலத்தை அரசு வாங்குவதில்லை. அந்நிலத்தில் வீடு கட்டும் உரிமையை மட்டும் உழவரிடமிருந்து விலைக்கு வாங்குகின்றது. நிலம் அவருடையதாகவே இருக்கும்; உழலாம், மக்களுக்கு விட்டுச் செல்லலாம், விற்கவும் செய்யலாம்; ஆனால் எவர் வாங்கினும் அது விளைநிலமாகவே இருத்தல் வேண்டும். பெற்ற தொகையைக் கொண்டு அவர் கடன் தீர்க்கலாம், கிணறு ஆழப்படுத்தலாம். பிரான்சு நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய அமைப்புகள், விற்பனைக்கு வரும் விளைநிலத்தை முன்னுரிமையோடு வாங்கி, உழ விரும்புவோர்க்கே தருகின்றன. ஜப்பானில் 2014 முதல் மாகாணந்தோறும் அமைந்த நில வங்கிகள், முதியோரிடமிருந்து நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று, உழும் ஆற்றல் உடையோர்க்கு நீண்ட காலக் குத்தகையாகக் கொடுக்கின்றன.

மூன்று நாடுகள், மூன்று வழிகள். கருத்து ஒன்றே. நிலத்தைக் காக்க வேண்டின், நிலத்தைக் காக்கின்றவனுக்கு வருவாயும் உறுதியும் அளிக்க வேண்டும்.

கல்லில் எழுதிய அறம்

இது நமக்குப் புதிய செய்தி அன்று. ஜினாலயங்களுக்கும் பள்ளிகளுக்கும் அளிக்கப்பட்ட நிலங்களைப் பள்ளிச்சந்தம் என்றனர். திருநறுங்கொண்டை மலையில் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகளில் இத்தகைய கொடைகளைக் காண்கின்றோம். கொடுத்தவர் அரசரும் அதிகாரிகளும் வணிகரும் ஊராரும். துறவியர் உழுவதில்லை, நிலத்தை உழுதவர் குடிகளே. விளைவில் ஒரு பங்கு பள்ளிக்குச் சென்றது. ஒரு பங்கு உழுதவர் இல்லத்திற்குச் சென்றது. விளக்கு எரிந்ததும், துறவியர்க்கு ஆகாரம் கிடைத்ததும் உழுகுடி அங்கு நிலைத்திருந்ததால்தான். கொடுத்தவர் பெயரைக் கல் காத்தது; கொடையைக் காத்தவர் உழுதவர்.

இன்று நம் ஆலயங்கள் பலவற்றிற்கு நிலம் உண்டு. உழுவோர் இல்லாத நிலமும், உழுவோர் இருந்தும் உறுதி இல்லாத நிலமும் அவற்றுள் எத்துணை என்பதை அந்தந்த ஊர்ச் சங்கத்தார் தம் மனத்தளவில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டுகின்றோம்.

விரதம் காட்டும் வழி

சாவகர்க்குரிய விரதங்கள் ஆலயத்தில் ஓதுவதற்கு மட்டும் உரியவை அல்ல. பத்திரப்பதிவு அலுவலகத்திற்கும் அரிசி மண்டிக்கும் உடன் வர வேண்டியவை.

முதலாவது, பரிக்கிரக பரிமாணம். பொருளுக்கு எல்லை வகுக்கும் இவ்விரதத்தில், எல்லை வகுக்க வேண்டியவற்றின் வரிசை க்ஷேத்திரம், வாஸ்து என்றே தொடங்குகின்றது. க்ஷேத்திரம் என்பது விளைபுலம். வாஸ்து என்பது மனை. புலத்தையும் மனையையும் ஆசாரியர்கள் அருகருகே வைத்தது எத்துணைப் பொருத்தம்! குடியிருக்க ஒரு மனை தேவை. பிள்ளைக்கு ஒன்று என்பதும் விளங்குகின்றது. அதற்கு மேலும் விலை ஏறும் என்னும் ஒரே நோக்கத்தோடு, என்றும் வீடு கட்டப் போகாத மனைகளை விளைநிலத்தில் வாங்கிப் போட்டு வைப்பது பரிக்கிரகம் மட்டும் அன்று. பயனின்றி உயிர்களுக்குத் தீங்கு செய்யும் அநர்த்த தண்டமும் ஆகும். அம்மனையில் யாரும் வாழ்வதில்லை, நெல்லும் விளைவதில்லை. இனி அவ்வாறு வாங்குவதில்லை என ஜினபிம்பத்தின் முன் உறுதி கொள்வோமாக. சஃபோக் உழவர் வீடு கட்டும் உரிமையை விலைக்கு விட்டனர். நாம் அதனை விரதமாக விடலாம்.

இரண்டாவது, அபயதானம். ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள், அச்சம் நீக்குதலை உயிர்வதை தவிர்த்தல் என்னும் அளவிலே நிறுத்திக் கொள்கின்றோம். அடுத்த ஆண்டு நிலம் இருக்குமோ என்று ஒவ்வொரு தைத் திங்களும் அஞ்சுகின்ற உழவனின் அச்சத்தை நீக்குதலும் அபயதானமே. நகரில் வாழும் நம்மவர் பலர் எழுத்துக் கொடுக்க அஞ்சுகின்றனர். 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தால் நிலம் கை நழுவும் என்பது அவர்கள் அச்சம். தம் அச்சத்தைத் தவிர்க்க உழுபவனை அச்சத்தில் வைக்கின்றோம் என்பதை அவர்கள் எண்ணுதல் வேண்டும். எழுத்து இல்லாத உழவர்க்குப் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம் ஆகியவற்றைப் பெறுதல் அரிதாகின்றது. ஆண்டிற்கு 6,000 ரூபாய் வழங்கும் பிரதமரின் கிசான் திட்டமும் நிலவுடைமைக் குடும்பத்திற்கே உரியது. குத்தகைக்கு உழுபவர்க்கு இல்லை. வழக்கறிஞரின் துணையோடு இரு சாரார்க்கும் தீங்கு வராத வகையில் குத்தகையை எழுத்தில் அமையுங்கள். விளையாத ஆண்டில் குத்தகையைக் குறையுங்கள். மீண்டும் ஊருக்கு வந்து ஏர் பிடிக்கப் போவதில்லை என்று நாம் நெஞ்சார அறிந்திருக்கையில், உழுபவர் அந்நிலத்தில் நிலைத்திருப்பது நமக்கு எவ்வகையில் இழப்பாகும்?

மூன்றாவது, அசௌரியம். திருடாமை என்றவுடன், அது நமக்குரியது அன்று என்று கடந்து விடுகின்றோம். ஆசாரியர்களோ அளவைக் குறைத்தும் கூட்டியும் எடை போடுதலையும், நல்லதோடு போலியைக் கலத்தலையும் அவ்விரதத்தின் மீறல்களாக வகுத்தனர். நம்மவருள் நெல், மணிலா, உளுந்து வாங்கி விற்கும் வணிகர் உளர். மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பது ஊர் வழக்கமாயினும் விரதத்தில் அது களவே. பொருளைப் பெற்றுப் பணத்தை ஆறு மாதம் தள்ளுவதும் அதன் நிழலே. கரும்பிற்குச் சட்டம் கூறும் 14 நாட்களை எல்லா விளைபொருளுக்கும் நம் வணிகர் தாமே எல்லையாகக் கொண்டால், அதுவே ஊர் மெச்சும் அறமாகும்.

நான்காவது, உண்ணும் உணவு. சென்னையிலும் வேலூரிலும் வாழும் நம் குடும்பங்கள் அரிசியை எங்கோ விளைந்த பையிலிருந்து வாங்குகின்றன. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நால்வர் கொண்ட குடும்பம் மாதம் 25 கிலோ அரிசி உண்ணுமாயின் ஆண்டிற்கு 300 கிலோ. நூறு குடும்பங்கள் கூடினால் 30 டன். அதற்கு ஏறத்தாழ 45 டன் நெல் வேண்டும். ஏக்கருக்கு 2 டன் விளைவதாகக் கொண்டால், 22 அல்லது 23 ஏக்கரில் ஒரு போகம். நூறு குடும்பங்கள் ஒன்றுபட்டு, விதைக்கும்போதே விலை பேசி, ஒரு பகுதியை முன்பணமாகவும் கொடுத்தால், அத்துணை ஏக்கர் நிலமும் அதனை நம்பிய உழவர்களும் மனைக்கல்லின் அச்சத்திலிருந்து விடுபடுவர். நிலம் உள்ளோர் பதின்மர் கூடினால் சட்டப்படி உற்பத்தியாளர் நிறுவனம் அமைக்கலாம். இயந்திரத்தைப் பொதுவில் வைத்துக் கொள்ளலாம். மணிலாவை எண்ணெயாகவும், உளுந்தைப் பருப்பாகவும் ஆக்கி விற்கலாம். கூடியிருத்தலில் குறைவில்லாத நம் சமூகத்திற்கு இது இயலாத செயல் அன்று. தேர்த்திருவிழாவிற்கு வரி பிரித்துக் கணக்கு எழுதத் தெரிந்த கைகளுக்கு நெற்கணக்கும் எழுத வரும்.

விற்றவரைப் பழிக்கற்க

இங்கே ஒன்றை அழுத்தமாகக் கூற விரும்புகின்றோம். இக்கட்டுரையைக் காட்டி, நிலம் விற்றவரைப் பழித்தல் கூடாது. மகளின் திருமணத்திற்காக விற்றவர் உளர். தாயின் மருத்துவத்திற்காக விற்றவர் உளர். மூன்றாண்டு வறட்சியில் வட்டி கட்ட இயலாது விற்றவர் உளர். அவர் விற்ற நாளில் ஊர் கூடி வருந்திற்று. விற்பதற்கு முன்னைய ஆண்டுகளில் அவர் நெல்லை நல்ல விலைக்கு வாங்க நம்முள் எத்துணை பேர் சென்றோம்? கடனுக்கு எத்துணை பேர் துணை நின்றோம்? உழவனின் கையைப் பிடிக்காதவர்க்கு அவன் கையெழுத்தைக் குறை கூற உரிமை இல்லை. உடன் வாழ்வோர் தளரும்போது தாங்கி நிறுத்துதலை ஸ்திதிகரணம் என நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்றாக வைத்தனர். தளர்ந்த உழவரைத் தாங்குதலும் அதனுள் அடங்கும்.

நிலம் முழுவதையும் காக்க இயலாத இல்லங்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்றே ஆக வேண்டுமாயின், முதலில் உழுபவரைக் கேளுங்கள். அடுத்து ஊரில் உழும் மற்றவரைக் கேளுங்கள். பின்னர் சங்கத்தாரைக் கேளுங்கள். தரகரை இறுதியில் கேளுங்கள். பிரான்சு நாட்டில் சட்டம் செய்விப்பதை நம் ஊரில் மனச்சான்று செய்விக்கட்டும். ஒரு பகுதியை விற்று மற்றப் பகுதியைக் காக்க இயலுமாயின், அதுவும் விரதத்தின் ஒரு படியே. அணுவிரதம் என்னும் பெயரே சிறிதாகத் தொடங்குதற்கு இடம் தருகின்றது.

களமருதூர் உழவர் கேட்ட வினாவை அந்நிலத்திற்கு உரிய நம் அன்பரிடம் சென்று கூறினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அவர் எரு இடாததற்குக் காரணம் நான் என்று இதுவரை எண்ணியதில்லை" என்றார். அவருக்கும் கடன் உண்டு. பிள்ளையின் படிப்பு உண்டு. என்ன செய்வார் என்று நாம் அறுதியிட்டு உரைப்பதற்கில்லை. இவ்வரிகளை எழுதும் நாள் வரை அம்மூன்று ஏக்கரில் கல் நடப்படவில்லை.

அடுத்த அட்சய திருதியை அன்று ஆதிபகவனை வணங்கும்போது, அவர் ஏந்திய வெறுங்கையை ஒருகணம் நினைப்போம். அக்கையில் வார்க்கச் சிரேயாம்சனுக்குச் சாறு கிடைத்தது. ஏனெனில் எங்கோ ஒருவன் கரும்பு நட்டிருந்தான். அவன் பெயரைப் புராணம் கூறவில்லை. அவன் நடாதிருந்தால் முதல் தானமும் இல்லை. அந்த அட்சய திருதியையும் இல்லை. பெயர் அறியாத அவ்வுழவனின் வழிவந்தோர் இன்றும் நம் நிலங்களில் நிற்கின்றனர். அவர்கள் நிலைத்திருந்தால் நிலம் நிலைக்கும். நிலம் நிலைத்தால் நம் ஆலயத்து விளக்கும் நிலைக்கும்.

ஜினதருமம் வாழ்க! உழவும் உயிர்களும் ஓங்குக!